இரண்டாம் ஷெட்டின் ஊமைச் சைரன்

முந்தின நாள் சத்யபிரியா அந்தக் கோப்பில் ஐந்து என்றுதான் எழுதியிருந்தாள். காலையில் திறந்தபோது அது எட்டாக நின்றது.

கை தவறியிருக்கும் என்று அழித்து, மறுபடி ஐந்து போட்டுச் சேமித்தாள். மறுநாள் ஒன்பது. அதற்கடுத்த நாள் பதினொன்று. அயோத்தியாப்பட்டணத்தில் மாவு மில்லுக்கு மேலே இருந்த வாடகை அறையில், கீழே ஓடும் எந்திரத்தின் அதிர்வு தரை வழியாக நாற்காலிக் கால்களில் ஏறி விரல் நுனிவரை வந்து நிற்க, அரைத்த மிளகாயும் கம்பும் கலந்த நெடி ஜன்னல் கம்பிகளில் ஒட்டிக் கிடக்க, அவள் அந்த எண்ணையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது புதுச்சத்திரத்துக்கு அப்பால் இருந்த ஒரு முட்டைக்கோழிப் பண்ணையின் இரண்டாம் ஷெட்டுக்கான கோப்பு. எந்த வெப்பத்தில் எத்தனை ஃபேன் ஓட வேண்டும், எப்போது விளக்கு எரிய வேண்டும் என்று அதில் எழுதி வைத்தால் ஷெட்டின் வாசலில் இருக்கும் கையகலக் கணினி அப்படியே செய்யும். அந்த மென்பொருளை எழுதியவளே சத்யபிரியாதான். பெங்களூரில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்த காலத்தில், வேலைக்கு நடுவே திருட்டுத்தனமாக எழுதியது. விற்கவில்லை. நிரலை இணையத்தில் திறந்து வைத்து, யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று விட்டுவிட்டாள். நாமக்கல் பக்கம் பல பண்ணைகளில் அது ஓடியது. கோளாறு என்றால் இருந்த இடத்திலிருந்தே உள்ளே புகுந்து சரிசெய்கிற அனுமதியும் அவளுக்கு இருந்தது.

அந்த அனுமதியை வைத்துத்தான் ஐந்து என்று எழுதினாள். உச்சி வெயிலில் ஷெட்டின் எல்லா ஃபேன்களும் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். சைரன் வாய் திறக்கக் கூடாது. பிறகு எதுவும் நடக்காததுபோல் ஃபேன்கள் ஓட வேண்டும்.

அந்த மாதிரி ஷெட்டுக்கு ஜன்னல் கிடையாது. ஒரு கோடியில் தண்ணீர் வழியும் அட்டைத் திரை, மறு கோடியில் ஆள் உயர ஃபேன்கள். ஃபேன் இழுத்தால்தான் காற்று. இழுக்காவிட்டால் அடுக்கடுக்கான கூண்டுகளில் ஆயிரக்கணக்கான கோழிகளின் உடம்புச் சூடே ஷெட்டை அடுப்பாக்கிவிடும். ஐந்து நிமிடத்தில் கூட்டமாகச் சாகாது. தீனி எடுக்காது, மூச்சு வாங்கும், மறுநாள் ஓடில்லாத தோல்முட்டை இடும், பலவீனமானது ஒன்றிரண்டு விழும். காரணம் தெரியாமல் பண்ணைக்காரனுக்குத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பைத்தியம் பிடிக்க வேண்டும். அவள் விரும்பியது அதுதான்.

போன சித்திரையில் அவளுடைய அக்கா அன்புச்செல்வி அந்த ஷெட்டுக்குள்தான் செத்துப்போனாள். செத்த கோழி பொறுக்க உள்ளே போனவள். வெளியே தாழ் போட்டிருந்தது. ஃபேன்கள் நின்றன. சைரன் ஊமையாக்கப்பட்டிருந்தது. சாப்பிடப் போன ஆட்கள் திரும்பி வந்து கதவைத் திறந்தபோது அக்காவும் கோழிகளும் ஒரே மாதிரி வாய் திறந்து கிடந்தார்கள். பெங்களூரில் லீவு கிடைக்காமல், வேலையையே விட்டுவிட்டுச் சத்யபிரியா வந்து சேர்ந்தபோது எரித்து முடித்திருந்தார்கள். முகம் பார்க்கவில்லை. பண்ணைக்காரர் தங்கமுத்து சாவுக்கு வரவில்லை, மேலாளரை அனுப்பி வைத்தார். அக்காவுக்கு முன்பே இதயக் கோளாறு இருந்ததென்று போலீஸ் எழுதிக்கொண்டது.

எட்டு, ஒன்பது, பதினொன்று.

கோப்பை யார் திருத்தியது என்று பார்த்தாள். பார்க்க ஒரே ஒரு கட்டளை போதும். கோப்பின் உரிமையாளர் பெயர் வர வேண்டிய இடத்தில் பெயர் இல்லை. நான்கு இலக்க எண் மட்டும் இருந்தது.

கணினியில் ஒவ்வொரு பயனருக்கும் ஒரு பெயர், பெயருக்குப் பின்னால் ஒரு எண். பயனரை நீக்கினால் பெயர் போய்விடும். அவர் தொட்ட கோப்புகளில் அந்த எண் மட்டும் அனாதையாக நிற்கும். அந்தப் பண்ணைக் கணினியில் இதுவரை நீக்கப்பட்டது ஒரே ஒரு பயனர். தினமும் செத்த கோழிக் கணக்கைப் போனில் பதிவு செய்ய வைத்திருந்த அக்காவின் கணக்கு. சாவுக்குப் பிறகு அதை நீக்கியது சத்யபிரியாவின் கைதான்.

கீழே மில் நின்றது. அறையில் சட்டென்று வந்த அமைதியில் அவளுடைய கைபேசி ஒலித்தது.

தங்கமுத்து. அவளைத் தெரிந்து கூப்பிடவில்லை. கோளாறு பார்க்கிற யாரோ ஒருத்தி என்று நினைத்து, மென்பொருளின் உதவிப் பக்கத்தில் இருந்த எண்ணைப் பார்த்துக் கூப்பிட்டிருந்தார். ஃபேன் தானாக நிற்கிறது, எலெக்ட்ரீஷியன் பார்த்தாயிற்று, வயரிங் மாற்றியாயிற்று, ஒன்றும் புரியவில்லை, உச்சி நேரத்தில் ஆட்கள் அந்த ஷெட்டுக்குள் போகவே மாட்டேன் என்கிறார்கள் என்றார். நடுங்குகிற குரலில் மரியாதை குறையவில்லை.

"நீங்க ஒருக்கா நேருல வந்து பாத்தா தேவலைங்க அம்மணி. சொல்றதுக்கே வெக்கமா இருக்குது, எனக்கு அந்தப் பக்கம் போகவே காலு வர மாட்டேங்குது."

வருகிறேன் என்றாள். போனை வைத்த பிறகுதான் தன் திட்டம் மாறிவிட்டதைக் கவனித்தாள். கோழிகள் போதாது. அந்த ஆள் உள்ளே நிற்க வேண்டும். வெளியே தாழ் விழ வேண்டும். அக்கா எவ்வளவு நேரம் இருந்தாளோ அவ்வளவு நேரம்.

மறுநாள் சேலத்தில் பஸ் மாறிப் போனாள். புதுச்சத்திரத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தபோது வெயில் தார்ச்சாலையை இளக வைத்திருந்தது. மரவள்ளிக் காடு, தீவன லாரிகள், பிறகு காற்றில் எருவின் காரநெடி. பண்ணை வாசலில் செருப்பைக் கழற்றி, ஊதா நிற மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் கால் நனைத்து, பண்ணைச் செருப்பை மாட்டிக்கொள்ள வேண்டும். தொட்டிக்கருகே நின்ற வேலைக்காரி சென்னியம்மாள் அவள் முகத்தைப் பார்த்ததும் குவளையைக் கீழே வைத்துவிட்டாள். அக்காவோடு வேலை பார்த்தவள். அக்கா போனில் அடிக்கடி சொல்லும் பெயர்.

"அன்பு ஆட்டவே இருக்கறயே கண்ணு" என்றாள் மெதுவாக. சென்னியம்மாள் குரலை இன்னும் தாழ்த்தினாள். "எதுக்கு வந்தியோ தெரியாது. உச்சி சாயறதுக்கு முந்தி போயிரு சாமி."

தங்கமுத்து பெரிய உருவம். வெள்ளைச் சட்டை அக்குளில் நனைந்திருந்தது. தோள் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். இளநீர் வெட்டச் சொன்னார். அவள் வேண்டாம் என்றாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் காற்றைக் குடித்தே உயிர் வாழ்கிறார்கள், தன் கோழிகள்தான் அதற்கும் கொடுத்து வைக்கவில்லை என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

இரண்டாம் ஷெட்டின் வாசலை ஒட்டிய சிறிய அறையில் மின்பலகையும் கணினியும் திரையும் இருந்தன. பக்கத்தில் ஷெட்டின் தகரக் கதவு. கதவு உள்பக்கமாகத் திறப்பது. ஃபேன்கள் ஓடும்போது உள்ளே இழுக்கும் காற்று கதவைப் பிடுங்கித் திறந்துவிடும், திறந்தால் குளிர்ச்சி போய்விடும். அதனால் யார் உள்ளே போனாலும் வெளியே நிற்கிறவர் உடனே தாழைப் போட்டுவிடுவது அந்தப் பண்ணையின் பழக்கம். யோசித்துச் செய்வதில்லை, கை செய்துவிடும். உள்ளே தாழ் வைக்க வேண்டும் என்று வெல்டிங்காரருக்கும் தோன்றவில்லை, வேறு யாருக்கும் தோன்றவில்லை.

உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. திடீர்ச் சத்தத்துக்குக் கோழி மிரளாமல் இருக்க நாள் முழுக்க ஓடும் ரேடியோ. அதற்குப் பின்னால் ஃபேன்களின் கனத்த முழக்கம். அதற்கும் பின்னால், ஓயாத ஒரு முணுமுணுப்பு, நிறையப் பேர் ஒரே விஷயத்தைத் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருப்பதுபோல.

அவள் கோப்பைத் திறந்தாள். பதினான்கு. ஐந்து என்று மாற்றினாள். இணையக் கேபிளைப் பிடுங்கினாள். வைஃபையை அணைத்தாள். இனி வெளியிலிருந்து யாரும் தொட முடியாது. கோப்பை மூடித் திறந்தாள். பதினாறு. யாரும் எழுத முடியாதபடி கோப்பைப் பூட்டினாள். பதினேழு. திருத்தம் நடந்ததற்கான தடம் கணினியின் பதிவுகளில் எங்கேயும் இல்லை. உரிமையாளர் இடத்தில் அதே எண்.

பயம் முதுகுத்தண்டில் ஏறியது. பின்னாலேயே ஒரு குரூரமான மகிழ்ச்சியும் ஏறியது. அக்காவும் இதைத்தான் விரும்புகிறாள் என்று நினைத்துக்கொண்டாள். ஐந்து போதாது என்கிறாள். சரி அக்கா.

வைஃபையைத் திரும்பப் போட்டாள்.

தங்கமுத்து ஸ்டூலில் உட்கார்ந்து, கேட்காமலே பேச ஆரம்பித்திருந்தார். போன வருஷம் இங்கே ஒரு பிள்ளை போய்விட்டது என்றார். சாவுக்குப் போகக்கூடத் தனக்கு முகமில்லை என்றார். அந்த நாட்களில் சைரன் சும்மா சும்மா கத்தும், கோழி மிரண்டு கூண்டில் மோதும், முட்டை உடையும். அதை அமுக்க மென்பொருளில் ஒரு பட்டன் வந்ததே அந்தப் பிள்ளையால்தான் என்றார்.

"அதோட தங்கச்சியாம் இதைய எழுதுனது. அமுக்குனா பத்தே நிமிசம், பொறவு தானா சைரன் வந்துரும், என்ற தங்கச்சி போட்டுக் குடுத்துருக்கறான்னு அத்தன பெருமையாச் சொல்லுச்சுங்க. அன்னிக்குக் காலையில நாந்தான் அமுக்குனேன். வந்துரும்னுதானுங்க அமுக்குனேன்."

சத்யபிரியா திரையை விட்டுத் திரும்பவில்லை.

அது உண்மை. அக்கா போனில் கேட்டாள், அவள் ஒரே ராத்திரியில் எழுதிக் கொடுத்தாள். பத்து நிமிடம் கழித்துச் சைரன் தானாக உயிர் பெறும். ஆனால் அந்தப் பத்து நிமிடத்துக்குள் மின்சாரம் போய்க் கணினி அணைந்து எழுந்தால், நேரம் எண்ணுவது மறந்துபோகும், ஊமை மட்டும் அப்படியே நிற்கும். அன்று காலை நடந்ததும் அதுதான். ராசிபுரத்திலிருந்து யாரோ ஒருவர் இந்தப் பிழையைக் கண்டுபிடித்து நிரலின் இணையப் பக்கத்தில் புகார் எழுதியிருந்தார். ஷிஃப்ட் முடிந்த கண்ணெரிச்சலில் அவள் அதை முழுதாகப் படிக்கவில்லை. தன்னிடம் சரியாகத்தான் ஓடுகிறது என்று ஒரு வரி எழுதிப் புகாரை மூடிவிட்டாள். அக்கா சாவதற்கு மூன்று மாதம் முன்பு. பிறகு, சாவுக்கு மறுவாரம், ஒருவரிடமும் சொல்லாமல் அந்தப் பிழையைத் திருத்தினாள்.

இத்தனை நாளும் அதை அவள் நினைக்கவில்லை. இப்போதும் நினைக்க மறுத்தாள். நினைக்காமல் இருக்க ஒரே வழி, எதிரே உட்கார்ந்திருந்த ஆளை இன்னும் அதிகமாக வெறுப்பதுதான். அமுக்கியது இவன் விரல். தாழ் இவன் கதவில்.

கடைசியில் இருக்கும் வெப்பமானியை யாராவது நேரில் பார்த்துச் சொன்னால்தான் கோளாறு பிடிபடும் என்றாள். ஆளைக் கூப்பிடுகிறேன் என்றார். ஆட்கள் வரமாட்டார்கள் என்று அவருக்கே தெரியும். கொஞ்சநேரம் துண்டை முறுக்கிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார்.

"நானே போறனுங்க. நீங்க சித்த கதவுகிட்ட இருங்க."

கதவு அவரை உறிஞ்சிக்கொண்டது. சத்யபிரியா தாழைப் போட்டாள். இரும்பு இரும்பில் விழுந்த சத்தம் கைமுட்டி வரைக்கும் ஏறியது. அறைக்கு வந்தாள். கோப்பின் பூட்டை எடுத்துப் பதினேழை அழித்தாள். அறுபது என்று எழுதினாள்.

உச்சி நேரம் வந்தது, ஃபேன்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

முழக்கம் இருந்த இடத்தில் ஒரு பெரிய பள்ளம் விழுந்தது. ரேடியோவில் யாரோ சமையல் குறிப்பு சொல்லிக்கொண்டிருந்தார்கள். முணுமுணுப்பு மேலே ஏறியது. ஆயிரக்கணக்கான அலகுகள் திறந்து இளைக்கும் சத்தம், மணலைச் சல்லடையில் போட்டுச் சலிப்பதுபோல. தகரத்துக்கு அந்தப் பக்கம் கனமான கால்கள் திரும்பி வந்தன. முதலில் வேகமாக. பிறகு மெதுவாக. கதவு தட்டப்பட்டது.

"அம்மணி. ஃபேன் நின்னு போச்சுங்க. தாழ எடுங்க."

அவள் எடுக்கவில்லை. மேசையில் அவளுடைய கைபேசி அதிர்ந்தது. அவர் பெயர். அதிர்ந்து அதிர்ந்து மேசை விளிம்புவரை நகர்ந்து வந்தது. பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டுவது குறைந்தது. தகரத்தில் ஏதோ உரசிக்கொண்டு கீழே இறங்கியது.

அப்போது ஃபேன்கள் ஓட ஆரம்பித்தன.

திரையைப் பார்த்தாள். அறுபதைக் காணோம். சுழியம். மறுபடி அறுபது எழுதினாள். சுழியம். மறுபடியும். விரல் பொத்தானைவிட்டு எழுவதற்குள் சுழியம். இவனை வேண்டாம் என்கிறது. இவனை விடு என்கிறது. அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. யாருக்காக இதையெல்லாம் செய்கிறேன் என்று திரையைப் பார்த்து வாய்விட்டுக் கேட்டாள்.

தாழ் எடுபடும் சத்தம் கேட்டது. சென்னியம்மாள் ஓடி வந்து கதவைத் தள்ளியிருந்தாள். தங்கமுத்து சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். தலையில் தண்ணீர் ஊற்றியதுபோல் நனைந்திருந்தார். உதடு வெளுத்திருந்தது. கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் அவளிடம் கையைக் கூப்பினார்.

"தாழு மாட்டிக்கிச்சாட்ட இருக்குதுங்க. தப்பில்ல. உள்ள நிக்கற பிள்ளைதான் சொல்லுச்சு, பயப்படாதீங்க, இப்பக் காத்து வந்துரும்னு. சொன்ன மாதிரியே வந்துருச்சு."

"எந்தப் பிள்ளைங்க?" என்றாள் சத்யபிரியா.

"கடைசீல, ஃபேனுக்கு முன்னால. முகம் தெரியலீங்க, வெளிச்சம் பத்தல. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு. தங்கச்சி வந்துருச்சான்னு."

சென்னியம்மாள் அவருடைய கையை இறுகப் பிடித்தாள். உள்ளே ஒருத்தரும் இல்லை, காலையிலிருந்து ஒருத்தரும் போகவில்லை என்றாள். சத்யபிரியாவைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

ஆனால் அவள் போனாள். எரிந்து முடிந்த பிறகு வந்தவள் அவள். சுடுகாட்டில் சாம்பலைத்தான் காட்டினார்கள். ஒருமுறை அந்த முகத்தைப் பார்த்துவிட வேண்டும். உனக்காகத்தான் செய்தேன் என்று சொல்லிவிட வேண்டும். அக்கா தலையில் கைவைத்து, சரி விடு என்று சொல்லிவிட்டால் அந்த மூடிய புகாரைப் பற்றி இனி ஒருநாளும் யோசிக்க வேண்டியதில்லை.

காற்று அவளை உள்ளே இழுத்தது.

பின்னால் தங்கமுத்துவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சென்னியம்மாள் அவரைத் தோளில் தாங்கி வீட்டுப் பக்கம் திருப்பினாள். அவளுடைய மற்றொரு கை, வருஷக்கணக்கான பழக்கத்தில், போகிற போக்கில் கதவை இழுத்துத் தாழைப் போட்டது.

சத்யபிரியா அதைக் கேட்டாள். நின்றாள். வந்து திறப்பார்கள் என்று நினைத்து மேலே நடந்தாள்.

இருபுறமும் கூண்டுகள் மூன்று அடுக்காக மங்கிய மஞ்சள் விளக்குகளின் கீழ் போய்க்கொண்டே இருந்தன. காற்று முதுகில் கைவைத்துத் தள்ளுவதுபோல் ஈரமாக அழுத்தியது. அமோனியா கண்ணைக் கரித்தது. அவள் கடக்கக் கடக்கக் கூண்டுகளில் பேச்சு நின்றது. திரும்பிப் பார்த்தால், கடந்து வந்த வரிசைகளில் எல்லாத் தலைகளும் கம்பிக்கு வெளியே நீண்டு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. முன்னால் இருந்தவை பார்க்கவில்லை. அவை கடைசியில் இருந்த எதையோ பார்த்துக்கொண்டிருந்தன.

"அக்கா" என்றாள்.

ஒரு ஃபேன் நின்றது.

அவளும் நின்றாள். இன்னொன்று. அதற்கடுத்தது. இலைகள் கடைசிச் சுற்றைச் சுற்றி, தயங்கி, அசைவற்றுப் போயின. முதுகில் இருந்த கை எடுபட்டது.

கைபேசியை எடுத்தாள். சற்றுமுன் இங்கிருந்து தங்கமுத்துவுக்குக் கிடைத்த சிக்னல் இப்போது இல்லை. ஷெட்டின் வைஃபை மட்டும் இருந்தது, இணையக் கேபிளை அவளே பிடுங்கியிருந்ததால் அது வாசல் கணினியைத் தாண்டிப் போகாது. கோப்பைத் திறந்தாள். எத்தனை நிமிடம் என்ற இடம் காலியாக இருந்தது. காலியாக விட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அவள்தானே எழுதினாள். எண் இல்லாவிட்டால் ஃபேன் திரும்ப ஓடாது. சுழியம் எழுதினாள். அழிந்தது. எழுதினாள். அழிந்தது. கீழே சைரனுக்கான வரி. ஊமை.

கதவுக்கு ஓடினாள். தட்டினாள். இரண்டு கையாலும் அடித்தாள். கூப்பிட்டாள். அவள் குரல் ரேடியோவைத் தாண்டவில்லை, ரேடியோவை இளைப்புச் சத்தம் தாண்டியிருந்தது. வெளியே ஒருவரும் இல்லை. தகரம் சுட்டது. சட்டை உடம்போடு ஒட்டியது. மூச்சு உள்ளே போனது, ஆனால் அதில் காற்று இல்லை. கஞ்சிபோல் ஏதோ ஒன்று நெஞ்சில் இறங்கியது.

கோழிகள் விழ ஆரம்பித்தன. முதலில் மேல் அடுக்கில். கம்பிமேல் ஈரத்துணி விழுவதுபோல். ஒன்று. பிறகு ஒன்று. பிறகு எண்ண முடியவில்லை.

அக்கா, நான்தான். சத்யா.

உட்கார்ந்தாள். கால் கேட்காமல் மடிந்தது. கதவில் முதுகு. வெப்பம் உச்சந்தலையில் உட்கார்ந்தது. வியர்வை நின்றுவிட்டது. நல்லதில்லை என்று தெரிந்தது. தோல் காய்ந்தது. நாக்கு தடித்தது. விளக்குகள் நீண்டு இரண்டிரண்டாகின.

கடைசியில் ஒரு கூண்டுக் கதவு திறந்தது. கம்பியும் கம்பியும் உரசும் சின்னச் சத்தம். மூடியது. கொஞ்சம் இந்தப் பக்கம் இன்னொன்று. திறந்தது. மூடியது.

யாரோ வேலை பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

அவசரம் இல்லை. கீழ் அடுக்கு. நடு அடுக்கு. மேல் அடுக்கு. ஒரு பிளாஸ்டிக் வாளி தரையில் இழுபட்டது. நின்றது. இழுபட்டது. உயிருள்ளதை விட்டுவிட்டு, செத்ததை மட்டும் எடுத்து, கழுத்தைப் பிடித்து வாளியில் போட்டுக்கொண்டு. வரிசை வரிசையாக. இந்தப் பக்கம். அந்தப் பக்கம். பக்கத்தில்.

சத்யபிரியா கண்ணை மூட முயன்றாள். இமை வறண்டு பாதியில் நின்றது.

புடவைக்கு மேல் போட்ட ஆண்பிள்ளைச் சட்டை. முழங்கை வரை ரப்பர் உறை. வாளி அவளுடைய கால்விரலை இடித்து நின்றது. எதிரே அது குந்தி உட்கார்ந்தது. முகம் விளக்குக்குப் பின்னால் இருந்தது. இருட்டில் வாய் மட்டும் தெரிந்தது. திறந்திருந்தது. இளைக்கவில்லை. திறந்தபடி, அப்படியே.

உனக்காகத்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். சத்தம் வரவில்லை.

ரப்பர் விரல் இரண்டு அவளுடைய கழுத்தடியில் வந்து அமர்ந்தன. அழுத்தவில்லை. இன்னும் அடிக்கிறதா என்று தொட்டுப் பார்த்தன. அடித்தது. அது தலையைக் கொஞ்சம் சாய்த்தது. வாளியை இன்னும் அருகில் இழுத்து வைத்துக்கொண்டது. விரலை எடுக்காமல், வேறு வேலை எதுவும் இல்லாத ஆளைப் போல, உட்கார்ந்து காத்திருந்தது.